இணையத்தில் பார்த்துச் செய்யும் பலகாரம் வீட்டில் ஏன் சரியாக வருவதில்லை? எல்லாரும் சிரிக்கிறார்கள், விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும்.

கேள்வியில் நீங்கள் அதிகம் விவரிக்கவில்லை. ஆனாலும் உங்கள் நிலை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அந்தச் சமையலறையில் உங்களுக்கு முன்பே ஒருவர் சமைத்துப் பேர் வாங்கியிருக்கிறார். நீங்கள் கைப்பேசியை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது யாரோ ஒருவர் வாசற்படியில் நின்று பார்க்கிறார். நன்றாக வந்தால் பேச்சே இருக்காது. கெட்டுப்போனால் அடுத்த கல்யாண வீடு வரை அதே பேச்சுதான். என் வீட்டிலும் இது நடந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், பினாங்கில் இருக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. அம்மா 2018இல் காலமானார். எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் அம்மா சுடும் அதிரசம்தான். அவர் போன பிறகு ஐந்து ஆண்டுகள் கடையில் வாங்கிப் படைத்தோம். படைக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் மனைவிக்கு இனிப்புப் பலகாரம் செய்து பழக்கமில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி, அடுப்பருகே அதிக நேரம் நிற்க முடியாது. அம்மா உயிரோடு இருந்தவரை ஆண்பிள்ளையான என்னை மாவில் கைவைக்க விட்டதில்லை. ஆக, எங்கள் வீட்டில் அதிரசம் யாருக்கும் தெரியாத பலகாரமாகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் புதன்கிழமை தொடங்கினேன். தமிழ்நாட்டு அம்மாள் ஒருவரின் காணொளியை நான்கைந்து முறை பார்த்து வைத்திருந்தேன். பச்சரிசி இரண்டு கப், பொடித்த வெல்லம் ஒன்றரை கப். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தி, லேசான ஈரத்தோடு அரைத்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைச் சேர்த்துக் கிளறி மூடிவைக்க வேண்டும். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். பாகு பதம் முதல் முறையிலேயே கிடைத்தது. தட்டுத் தண்ணீரில் அந்தச் சொட்டு என் விரலுக்கு உருண்டு வந்தபோது அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு எல்லாரும் வந்துவிட்டார்கள். பட்டர்வொர்த்திலிருந்து அக்கா, அத்தான், அவர்கள் பிள்ளைகள். வாழையிலையில் நெய் தடவி மாவைத் தட்டி எண்ணெயில் விட்டேன். போட்டதும் ஒரு கணம் வட்டமாக நின்றது. பிறகு ஓரம் நுரைத்து விரிந்தது, நடுவில் விரிசல் விட்டது, கரண்டி படுவதற்குள் எண்ணெய் முழுக்கப் பழுப்புத் துணுக்குகள். அடுத்ததைச் சற்றுக் கெட்டியாகத் தட்டினேன். அதுவும் பிரிந்தது. நான்கு போயின. ஐந்தாவதைப் போடாமல் அடுப்பை அணைத்தேன்.

அக்கா கோபக்காரி அல்ல. ஆனால் அன்று எல்லார் முன்னிலையிலும் சொன்னாள்: "தம்பி, அம்மாவின் கைப்பக்குவம் போனுக்குள்ளா இருக்கிறது?" பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெயை வடிகட்டி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

இரவு பத்து மணிக்கு மேல் சுங்கை பட்டாணியில் இருக்கும் அத்தைக்கு அழைத்தேன். அப்பாவின் தங்கை, தோட்டத்தில் (எஸ்டேட்டில்) வளர்ந்தவர், எண்பது வயதை நெருங்குகிறார். எண்ணெயில் பிரிகிறது என்றதும் கேட்டார்: "வெல்லம் கூடிப்போனால்தான் இப்படிப் பிரியும். எதில் அளந்தாய்?" பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே விளங்கியது. அரிசியை அளந்தது அரிசிப் பானைக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் கப்பில். அது மின்சார ரைஸ் குக்கரோடு வந்தது. வெல்லத்தை அளந்தது கோடு போட்ட கண்ணாடிக் குவளையில்.

ரைஸ் குக்கர் கப் ஜப்பானிய அளவு, 180 மில்லி. கண்ணாடிக் குவளையில் ஒரு கப் என்பது 250 மில்லி. சமையல் காணொளிகளில் பெரும்பாலும் சொல்லப்படும் கப் 240 மில்லி. அந்த அம்மாள் சொன்னது 480 மில்லி அரிசிக்கு 360 மில்லி வெல்லம், அதாவது நான்குக்கு மூன்று. நான் போட்டது 360 மில்லி அரிசிக்கு 375 மில்லி வெல்லம். அரிசியைவிட வெல்லம் அதிகம்! அது எண்ணெயில் நிற்குமா? தொழிற்சாலையில் ஒரு திருகாணியின் அளவைக்கூட இரண்டு முறை பார்ப்பவன் நான். அந்தக் கவனத்தைச் சமையலறைக்குள் கொண்டுவரவில்லை. அந்த அம்மாள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை.

அத்தை இன்னொன்றும் சொன்னார். "மழைக்காலத்தில் கடிகாரத்தைப் பார்த்து அரிசி உலர்த்தாதே. கையில் அள்ளிப் பிடி. பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது." பினாங்கில் அக்டோபரும் நவம்பரும் நல்ல மழை. காற்றே ஈரமாக இருக்கும்போது வெயில் ஊரில் ஒரு மணி நேரத்தில் உலர்வது இங்கே இரண்டரை மணி நேரமானாலும் உலர்வதில்லை. ஈர மாவு, கூடுதல் வெல்லம், இரண்டும் சேர்ந்துதான் என் அதிரசத்தைக் கெடுத்தன.

தூக்கம் வரவில்லை. மேல் தட்டில் இருந்த அம்மாவின் பழைய நோட்டை எடுத்தேன். அதில் அதிரசம் இல்லை என்று தெரியும். அதை அவர் எழுதி வைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகையில் வந்த சமையல் குறிப்புகளைக் கத்தரித்துச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார். மைசூர்பாகு குறிப்பு ஒன்று. அச்சில் "சர்க்கரை 2 கப்" என்று இருக்கிறது. அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் அம்மாவின் சாய்ந்த எழுத்தில் "சீனி ஒன்றரை டின் போதும்". ஒரு பக்கத்தில் மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் கப்பை அடித்து டின் என்று எழுதியிருக்கிறார்.

டின் என்றால் கெட்டிப்பால் டின். மலேசியத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, எங்கள் தலைமுறையில் பல வீடுகளில் அரிசி அளந்ததே அதில்தான். அம்மாவின் டின் இன்னும் இருக்கிறது. விளிம்பைச் சுத்தியலால் தட்டி மழுக்கியிருப்பார், அடியில் லேசாகத் துருப்பிடித்த வளையம். அன்றிரவு அதில் தண்ணீர் நிரப்பி அளந்தேன். 300 மில்லிக்குச் சற்று அதிகம்.

நான் சொல்ல வந்தது இதுதான். என் அம்மா பத்திரிகையில் பார்த்துச் சமைத்தார். யாரோ ஊர் பேர் தெரியாத ஒருவரின் குறிப்பை எடுத்து, தன் டின்னுக்கும் தன் அடுப்புக்கும் மாற்றி எழுதினார். அதைத்தான் நாங்கள் கைப்பக்குவம் என்று சாப்பிட்டோம். நீங்கள் கைப்பேசியில் பார்ப்பது மட்டும் எப்படிக் கேவலமாகும்? அம்மா செய்த இரண்டாம் பாதியை, அந்தப் பென்சில் வேலையை, நான் செய்யவில்லை. நீங்களும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் கணக்குப் போட்டேன். 375 மில்லி வெல்லத்துக்கு 500 மில்லி அரிசி வேண்டும், 140 மில்லி குறைகிறது. அவ்வளவு அரிசியை ஊறவைத்து, மின்விசிறிக்கு அடியில் உலர்த்தி, அத்தை சொன்னபடி கையில் பிடித்துப் பார்த்து அரைத்தேன். இருந்த மாவோடு பிசைந்து நான்கு மணி நேரம் மூடிவைத்தேன். சனிக்கிழமை மாலை சுட்டேன். முதல் அதிரசம் எண்ணெயில் அமிழ்ந்து, எழுந்து, பூரித்து நின்றது. இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தியபோது எண்ணெய் சொட்டச் சொட்ட ஓரம் மட்டும் மொறுமொறுப்பாக இருந்தது. இருபத்திரண்டு கிடைத்தன. அம்மா படத்துக்கு முன்னால் ஏழு வைத்தோம். அக்கா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "சுக்கு கொஞ்சம் கூட" என்றாள். அம்மாவிடமும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

இதைப் படித்துவிட்டு, "எங்கள் பாட்டி எதையும் அளந்ததில்லை, கண்ணால் பார்த்தே போடுவார்" என்று சிலர் எழுத வருவார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டி நாற்பது ஆண்டுகள் ஒரே பானையில், ஒரே ஊர் அரிசியில் சமைத்தவர். அந்தக் கண்ணுக்கு அளவு பழகியிருந்தது. நேற்றுத் தொடங்கியவரிடம் கண்ணளவில் போடு என்பது உதவி செய்வது ஆகாது. "ஆண் எதற்கு அதிரசம் சுட வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் வைத்திருக்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை அதிரசம் சுடத் தொடங்கும் முன்பே கேஸ் தீர்ந்துவிட்டது. எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி அப்போது ஏழாவது வாரமாகப் பழுது. நாங்கள் எட்டாவது மாடி. 14 கிலோ எரிவாயுவின் விலை அப்போது 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு, அரசாங்க மானியத்தில் கிடைத்தது, அதில் குறையில்லை. ஆனால் கொண்டுவந்தவர் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன், இரும்பின் எடையும் சேர்ந்த உருளையை யார் எட்டு மாடி சுமப்பார்? நானும் அத்தானும் மாறி மாறித் தூக்கிவந்தோம். மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் தவறாமல் கட்டுகிறோம். நிர்வாகத்திடம் மூன்று முறை எழுத்தில் புகார் கொடுத்தேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆறாவது மாடியில் இருக்கும் சீனப் பாட்டி அந்த ஏழு வாரமும் கீழே இறங்கவே இல்லை. பேரன்தான் சோறு வாங்கிக்கொண்டு ஏறி வருவான். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அளவு மட்டுமல்ல, ஊரும் பெயரும்கூட ஏமாற்றும். குளிர்நாட்டில் இருக்கும் தமிழர்கள் தோசை மாவை உள்ளே விளக்கு எரியும் ஓவனுக்குள் பதினான்கு மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. இங்கே இரவிலும் சமையலறை புழுக்கமாக இருக்கும். என் வீட்டில் ஏழு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடுகிறது. பதினான்கு மணி நேரம் விட்டால் புளித்து வாயில் வைக்க முடியாது.

மசாலா வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. பேரங்காடியில் பொட்டலத்தின் மேல் மலாய்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஜிந்தான் பூத்தே என்றால் சீரகம், ஜிந்தான் மானிஸ் என்றால் சோம்பு. நான் அவசரத்தில் ஜிந்தான் என்பதை மட்டும் படித்து மாற்றி வாங்கி, ரசத்தில் சோம்பைத் தட்டிப் போட்டேன். ரசம் இறைச்சிக் கறி போல் மணத்தது. தெப்போங் பெராஸ் என்பது அரிசி மாவு, தெப்போங் பூலுட் என்பது ஒட்டும் அரிசி மாவு. இரண்டும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். சந்தேகமாக இருந்தால், பினாங்கு என்றால் லிட்டில் இந்தியாவின் லெபோ பசார் பக்கம் நம் கடைகளில் தமிழில் கேட்டே வாங்குங்கள், அள்ளிக் காட்டுவார்கள்.

ஒரு சிறிய தராசு வாங்கிக்கொள்ளுங்கள். கப்பைக் காட்டிலும் கிராம் நம்பகமானது. இப்போது நான் அதிரசத்துக்கு 400 கிராம் அரிசிக்கு 300 கிராம் வெல்லம் என்றே எழுதி வைத்திருக்கிறேன், அம்மாவின் நோட்டில், மைசூர்பாகுக்கு அடுத்த பக்கத்தில்.

உங்களுக்கு எந்தப் பலகாரம் வரவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. அதிரசமாக இருந்து எண்ணெயில் பிரிந்தால் மாவைக் கொட்டிவிடாதீர்கள், ஈர அரிசி மாவைக் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து ஒன்றை மட்டும் சுட்டுப் பாருங்கள். கல் போல் இறுகினால் பாகு முற்றிவிட்டது, அடுத்த முறை சற்று முன்னதாக இறக்குங்கள். வேறு எதுவாக இருந்தாலும், நீங்கள் அளந்த கப்பில் எத்தனை மில்லி தண்ணீர் பிடிக்கிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். நான் இரவு வேலை முடிந்து காலையில் பார்ப்பேன்.