முதல் தவணையில் 19 புள்ளி: கணிதப் பிரிவை விட்டுவிடலாமா?

கேள்வி: சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தேன். இப்போது தோட்டத்திலிருந்து தினமும் ஹட்டனுக்கு பஸ்ஸில் போய் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவில் படிக்கிறேன். முதலாம் தவணையில் இணைந்த கணிதத்துக்கு நூற்றுக்கு 19 புள்ளிதான் வந்தது. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். “இப்போதே கலைப் பிரிவுக்கு மாறிவிடு” என்கிறார். மாறலாமா, சேர்?
– மாணவி, பொகவந்தலாவை

பதில்: மகள், முதலில் அந்த விடைத்தாளை வெளியே எடுங்கள். எங்காவது பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். எனக்கு வந்தது 23. நாங்கள் படித்தபோது தூய கணிதம், பிரயோக கணிதம் என்று இரண்டு தனிப் பாடங்கள். 23 வந்தது தூய கணிதத்துக்கு. பிரயோக கணிதத்துக்கு ஆசிரியரே வராததால் அதில் பரீட்சை நடக்கவில்லை. அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன்.

உங்களுடைய 81 புள்ளிகள் எந்த எந்த வரியில் போயின என்று சிவப்பு மையைப் பின்பற்றித் தேடுங்கள். பாதிக்கு மேல் புதுப் பாடத்தில் போயிருக்காது என்று பந்தயம் கட்டுவேன். 12ஆம் ஆண்டுப் பிள்ளைகளின் தாள்களில் நான் வருடா வருடம் பார்த்த ஒரு பிழையைச் சொல்கிறேன். 3ஐ (எக்ஸ் − 2)ஆல் வகுத்தால் 1ஐ விடச் சிறிது என்றொரு சமனிலி. பிள்ளை இரண்டு பக்கத்தையும் (எக்ஸ் − 2)ஆல் பெருக்கி, “எக்ஸ் 5ஐ விடப் பெரிது” என்று எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடும் போட்டுவிடும். எக்ஸுக்கு 0 போட்டுப் பாருங்கள். 3ஐ −2ஆல் வகுக்க −1.5. அது 1ஐ விடச் சிறியதுதானே? அப்படியானால் 0 ஏன் விடையில் இல்லை? எக்ஸ் 2ஐ விடச் சிறிதாக இருந்தால் (எக்ஸ் − 2) மறை எண். மறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்ப வேண்டும். திருப்பாததால் “எக்ஸ் 2ஐ விடச் சிறிது” என்ற மற்றப் பகுதி காணாமல் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, (5 − எக்ஸ்)ஐ (எக்ஸ் − 2)ஆல் வகுத்தது 0ஐ விடச் சிறிது என்று எழுதிக்கொண்டு, 2க்குக் கீழே, 2க்கும் 5க்கும் நடுவே, 5க்கு மேலே என மூன்று இடங்களில் குறியைப் பார்த்தால் தப்பவே முடியாது.

சமன்பாட்டில் குறுக்கே பெருக்கிப் பழகிய கை அது. சாதாரண தரத்தில் அந்தக் கைதான் உங்களுக்கு ஏ வாங்கித் தந்தது. அது மாறக் கொஞ்ச நாள் எடுக்கும். ஒரு தவணை போதாது.

அடுத்ததாக, உயர்தரப் பரீட்சை வினாத்தாளின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் தாள் தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். ஒவ்வொன்றிலும் பகுதி அவில் 10 சிறு வினாக்கள், எல்லாமே கட்டாயம், தலைக்கு 25 புள்ளி. பகுதி ஆவில் ஏழில் ஐந்து, தலைக்கு 150. ஆக ஒரு தாளுக்கு 1000 புள்ளி. டியூஷனில் எல்லோரும் 150 புள்ளிக் கணக்குகளையே துரத்துவார்கள். நீங்கள் இந்தத் தவணை முழுவதும் சிறு வினாக்களைச் செய்யுங்கள். கரும்பலகையில் சேர் செய்ததைப் பிரதி எடுப்பதைக் கணக்குச் செய்ததாக எண்ண வேண்டாம். கொப்பியை மூடிவைத்து, வெறுந்தாளில் அதே கணக்கை மறுபடி செய்து பாருங்கள். மூன்றாவது வரியிலேயே நின்றுவிடுவீர்கள். நின்ற இடத்தை மட்டும் மறுநாள் சேரிடம் கேளுங்கள்.

நோர்வூட் தாண்டி வரும் வளைவுகளில் பஸ்ஸில் எழுத முடியாது, தெரியும். காலையில் ஒரேயொரு வினாவை மனத்தில் ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். டிக்கோயா வருவதற்குள் அதைச் செய்யும் வழி தெரிந்தால் பாடசாலையில் எழுதிப் பார்க்கலாம்.

இரண்டாம் தவணைக்குப் பிறகும் கணக்கைக் கண்டாலே வெறுப்பாக இருந்தால் தாராளமாக மாறுங்கள். கலைப் பிரிவு தோற்றவர்கள் ஒதுங்கும் மடம் இல்லை. 19க்குப் பயந்து மாறுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மகனைப் பொறியியலுக்கு அனுப்ப ஆசை. உயர்தரத்துக்குக் கொழும்பில் சேர்த்தால் நல்லதா?
– தந்தை, லிந்துலை

பதில்: ஐயா, அவசரப்பட வேண்டாம். பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி (உயர்தரப் புள்ளிகளை ஒப்பிடக் கணிக்கும் மதிப்பு) வரிசையில் எடுக்கும்போது, இடங்களில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் வரை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகும். உங்கள் லிந்துலை இருக்கும் நுவரெலியாவும், பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன. மகன் எந்த மாவட்டத்துக்குரியவர் என்பதை உங்கள் வீட்டு முகவரியை விட, அவர் கடைசி ஆண்டுகளில் படித்த பாடசாலைதான் தீர்மானிக்கும். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியை வரி விடாமல் வாசித்துவிட்டு, பிறகு கொழும்பு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுங்கள்.