காசும் கேஷும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கில் கணக்கராக வேலை செய்கிறேன். போன வாரம் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்குக் காம்பவுண்ட், அதாவது அபராதத் தாள், வந்தது. ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “நம் வீட்டுக் காம்பவுண்டும் இதுவும் ஒரே சொல்லா அப்பா?” என்று கேட்டாள். ஆற்றங்கரைக்கும் பணம் போடும் இடத்துக்கும் ஏன் ஒரே பேங்க் என்றும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று இரவே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மச்சான் ஒரு பட்டியல் அனுப்பினார். காசு கேஷ் ஆனதாம், எட்டு எய்ட் ஆனதாம், ஒன்று ஒன் ஆனதாம், கரைதல் (அழுதல், கூப்பிடுதல்) ஆங்கிலக் கிரை ஆனதாம். ஆங்கிலமே தமிழிலிருந்து பிறந்தது என்று கீழே எழுதியிருந்தது. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று எழுதினேன். தமிழ்ப் பற்று இல்லாதவன் என்று சொல்லிவிட்டார்கள். நான் செய்தது தவறா?

பட்டர்வொர்த் வாசகர்

அன்புள்ள தம்பி,

தவறில்லை. முதலில் உங்கள் மகளுக்குப் பதில் சொல்கிறேன். மச்சானின் பட்டியல் முழுவதையும்விட அவள் கேள்வி பெரியது.

வீட்டுக் காம்பவுண்டும் அபராதக் காம்பவுண்டும் ஒரே சொல் அல்ல. முன்னது இந்த மண்ணின் சொல். மலாயில் கம்போங் என்றால் ஊர். வேலி சூழ்ந்த குடியிருப்பும் கம்போங்தான். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கடல்களுக்கு வியாபாரம் செய்ய வந்த ஆங்கிலேயர்கள், சுற்றுச்சுவருக்குள் வீடும் சரக்கறையும் சேர்ந்திருந்த இடத்துக்கு இந்தப் பெயரைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். கம்போங் என்று சொன்னது அவர்கள் காதில் ஏற்கெனவே பழகிய காம்பவுண்டாக விழுந்தது. 1886-இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இந்த ஒரு சொல்லுக்காக நெடிய விவாதமே நடத்துகிறது. போர்த்துக்கீசிய மூலம் ஒன்றைச் சொன்னவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, கடைசியில் மலாய்ப் பக்கமே சாய்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

அபராதத் தாளில் இருக்கும் காம்பவுண்ட் லத்தீனிலிருந்து வந்தது. சேர்த்து வைத்தல் என்பது அதன் அடிப்பொருள். வேதியியலில் வரும் சேர்மமும், வட்டிக்கு வட்டி போடும் கூட்டு வட்டியும் அதே சொல்லின் பிள்ளைகள். பிரிந்து நிற்கும் இரண்டு தரப்பைச் சேர்த்து வைப்பது, அதாவது பணம் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொள்வது என்ற பொருள் ஆங்கிலச் சட்ட மொழியில் வளர்ந்தது. நீதிமன்றம் போகாமல் தொகையைக் கட்டி முடித்துக்கொள்ள உங்களுக்கு வந்த தாள் அதுதான். மலாய் இதையும் எடுத்துக்கொண்டு கொம்பாவுன் ஆக்கிவிட்டது. ஒரு சொல் இங்கிருந்து கப்பலேறிப் போய் ஆங்கிலமானது. அதே முகமுள்ள இன்னொன்று ஆங்கிலத்திலிருந்து வந்திறங்கி மலாயானது. இரண்டும் உங்கள் வீட்டு வாசலில் சந்தித்தன. பத்து வயதுப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பேங்க் கதை வேறு மாதிரி. ஆற்றங்கரையைக் குறிக்கும் சொல் வட ஐரோப்பியக் கடலோடிகளின் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பண பேங்க் இத்தாலியிலிருந்து வந்தது. நாணயம் மாற்றுகிறவர்கள் சரக்கைப் பரப்பிவைத்த பலகைக்கு அங்கே பாங்கா என்று பெயர். ஆனால் அந்த இத்தாலியச் சொல்லே பழைய ஜெர்மானிய மொழிகளிலிருந்து போனது. மேடு, பலகை என்று பொருள்படும் ஒரே வேரில்தான் இரண்டும் முளைத்தன. பல தலைமுறைக்கு முன் பிரிந்துபோன பங்காளிகள் ஒரே தெருவில் வந்து குடியேறியது போல.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது என்று மகள் நினைத்துவிட வேண்டாம். கரி என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுப்புக் கரி தெரியும். பழைய தமிழில் கரி என்றால் சாட்சியும்தான். “இந்திரனே சாலுங் கரி” என்று குறளில் வருகிறது. யானைக்கும் கரி என்று பெயர். யானை கறுப்பு, அதனால் கரி என்று பலரும் விளக்குவார்கள். பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் யானையைக் குறிக்கும் கரி வடமொழி. கரம் என்றால் கை, கையை உடையது கரி. சங்கப் புலவர்களும் துதிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் யானையைக் கைம்மா என்றார்கள். இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. நிறத்தை வைத்து விளக்கம் சொல்கிறவர்கள் இந்த அழகைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

இனி மச்சானின் பட்டியலுக்கு வருகிறேன்.

காசில் அவருக்குப் பாதி வெற்றி. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. நாம் கடையில் கேஷாகக் கொடுக்கும்போது சொல்வது இத்தாலிய, பிரெஞ்சு வழி வந்தது. பணப்பெட்டி என்பது அதன் முதல் பொருள். பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. இன்னொரு கேஷ், நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். பினாங்குச் சீனக் குடும்பங்களில் கயிற்றில் கோத்துப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்களே, அதுதான். அந்தக் கேஷ் நம் காசு! சோழமண்டலக் கரையில் காசைக் கேட்ட போர்த்துக்கீசியர் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்பத் திரித்தார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிச் சீன நாணயத்துக்குச் சூட்டினார்கள். தமிழ்ச் சொல் ஒன்று போர்த்துக்கீசியர் கைமாறி ஆங்கிலேயர் வாயில் சீனக் காசுக்குப் பெயரானது. கேஷ் எல்லாம் தமிழ் என்று ஒரே வரியில் சொன்னால் இந்தப் பயணம் முழுவதும் அழிந்துபோகிறது. எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

எட்டு நிற்காது. ஆங்கில எய்ட்டின் உடன்பிறப்புகள் லத்தீனின் ஆக்டோவும் வடமொழியின் அஷ்டமும். பழைய ரோமானிய நாள்காட்டியில் அக்டோபர் எட்டாவது மாதம். நம் எட்டின் உறவினர்களோ கன்னடத்தின் எண்டு, தெலுங்கின் எனிமிதி. தமிழிலேயே எண்பது, எண்ணூறு, எண்திசை என்று பாருங்கள். அடிச்சொல் எண் என்பது தெரிகிறது. எய்ட்டோடு ஒத்துப்போவதாகத் தோன்றும் அந்த ‘ட்’ வேரிலேயே கிடையாது. ஒன்றும் அப்படியே: ஆங்கில ஒன் பழங்காலத்தில் ஆன் என்றுதான் ஒலித்தது, இன்று சொல்லின் தொடக்கத்தில் கேட்கும் வகர ஒலி பிற்காலத்தில் ஏறியது. கிரை பிரெஞ்சு வழி வந்தது. கரைதலோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சொற்களின் உறவை ஒலியின் சாயலை வைத்துத் தீர்மானிக்க முடியாது, தம்பி. உண்மையான உறவு ஒழுங்கில் இருக்கிறது. நம் பால் கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஒவ்வொரு பகரத்துக்கும் எதிரே ஒரு ஹகரம், சொன்ன சொல் தவறாமல் வந்து நிற்கிறது. இதைப் போன்ற ஒழுங்கைக் காட்டினால் உறவை ஒப்புக்கொள்ளலாம். எட்டையும் எய்ட்டையும் வைத்துக்கொண்டு இப்படி இன்னொரு சொல்கூடக் காட்ட முடியாது.

நம்மிடமிருந்து உண்மையாகவே போன சொற்கள் இருக்கின்றன. கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் தன் நூலில் எழுதிவைத்தார். இன்று இரண்டு உடல் கொண்ட படகுக்கு உலகம் முழுவதும் அந்தப் பெயர். சுருட்டு செரூட் ஆனது, மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி ஆனது. எனக்கு மிகவும் பிடித்தது குருந்தம். நிலவியல் படிக்கும் எந்த நாட்டு மாணவரும் கொரண்டம் என்று படிக்கும் கனிமம் அது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி, பத்துக்கு ஒன்பது. சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல். இரண்டும் ஒரே குருந்தம். மச்சானுக்கு இதை அனுப்புங்கள். குழுவில் வைத்து அவரைத் திருத்த வேண்டாம், தனியாக அனுப்புங்கள். அவருக்குத் தமிழின் மேல் இருக்கும் அன்பு பொய்யில்லை. அதற்கு நல்ல தீனி கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

உங்கள் வேலையிடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிறுமியாக இருந்தபோது வெல்ட் கீ துறைமுகப் பக்கம் என் தந்தையாருக்கு மதியச் சோறு கொண்டுபோவேன். மலாய் மேற்பார்வையாளர் குடாங் என்பார். ஆங்கிலம் படித்த எழுத்தர் கோடவுன் என்பார். தந்தையார் கிடங்கு என்பார். மூன்று பேரும் ஒரே கட்டடத்தைத்தான் காட்டினார்கள். மூன்று வேறு சொற்கள் என்றுதான் நான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஆங்கில கோடவுன் மலாய் வழியாகப் போனது. அந்த மலாய்ச் சொல்லைத் தமிழ்க் கிடங்கோடும் தெலுங்குக் கிட்டங்கியோடும் அறிஞர்கள் இணைக்கிறார்கள். பழைய இலக்கியத்தில் கிடங்கு என்றால் கோட்டையைச் சுற்றிய அகழி. செட்டியார்கள் இந்நாட்டில் வட்டிக்கடை நடத்திய இடத்துக்கும் கிட்டங்கி என்றே பெயர். கணக்குப் புத்தகத்தில் நீங்கள் நாள்தோறும் எழுதும் சொல்லுக்கு இத்தனை அறைகள்.

மலாய் எடுத்துக்கொண்டவையும் உங்கள் மேசை மேலேயே இருக்கின்றன. கப்பல் காப்பால் ஆனது, கடை கெடாய் ஆனது, முதல் மோடால் ஆனது. நம் தீவின் பெயரையும் பாருங்கள்: பினாங் என்றால் பாக்கு. அதை ஆங்கிலத்தில் பீட்டல் நட் என்கிறார்கள். பீட்டல் என்பது மலையாள வெற்றில, போர்த்துக்கீசியர் கொண்டுபோனது. இலையின் பெயரைக் கொட்டைக்கு வைத்துவிட்டார்கள். வெற்றிலையும் பாக்கும் ஒரே தட்டில் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு எது எது என்று பிரிக்கத் தோன்றவில்லை போலும்.

மகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் லான்ச் என்றால் ஏவுதல், தொடங்கிவைத்தல். லான்ச் என்றால் ஒரு வகைப் படகும்கூட. இரண்டும் ஒரே சொல்லா, வேறு வேறா? ஒரே ஒரு குறிப்பு கொடுங்கள்: மலாய் வகுப்பில் லஞ்சார் என்ற சொல்லைப் படித்திருப்பாள். அதன் பொருளை முதலில் ஆசிரியரிடம் கேட்கட்டும். பிறகு இக்கரைக்கு வரும்போது படகுத்துறையில் சிறிது நேரம் நின்று வேகமாகப் போகும் படகுகளைப் பார்க்கட்டும். என்ன கண்டுபிடித்தாள் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதட்டும்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து