லினக்ஸுக்கு ஐ2சி பஸ் டிரைவர் எழுத எங்கே தொடங்குவது?

புதிய சிப் ஒன்றின் ஐ2சி (டேட்டா, கிளாக் என்ற இரண்டே கம்பிகளில் சிப்புகள் பேசிக்கொள்ளும் பஸ்) கன்ட்ரோலருக்கு லினக்ஸ் டிரைவர் எழுத வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சி மொழியும் கெர்னல் மாட்யூல் எழுதவும் தெரியும் என்கிறீர்கள். அது போதும்.

கெர்னல் மூலநிரலில் டிரைவர்ஸ் அடைவுக்குள் ஐ2சி, அதற்குள் பஸ்ஸஸ் என்று ஓர் அடைவு இருக்கிறது. அதில் சின்னதாக ஒரு டிரைவரை எடுத்து முழுக்கப் படியுங்கள். கெர்னல் நம்மிடம் கேட்பது கொஞ்சம்தான்: மெசேஜ்களை வாங்கி பஸ்ஸில் அனுப்பும் ஒரு ஃபங்ஷன், கன்ட்ரோலரால் என்னென்ன முடியும் என்று சொல்ல இன்னொன்று. இரண்டையும் அடாப்டரில் (கெர்னலில் ஒரு பஸ்ஸைக் குறிக்கும் ஸ்ட்ரக்சர்) கோத்துப் பதிவு செய்தால் பஸ் வந்துவிடும்.

நான் எழுதிய முதல் டிரைவர் மூன்றாம் நாளே பஸ்ஸில் இருந்த ஈஈப்ராமை (மின்சாரம் போனாலும் தரவை வைத்திருக்கும் சின்ன நினைவக சிப்) படித்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம், தவறு நடக்கும்போது என்ன செய்வது என்பதிலேயே போனது. ஒரு முகவரியில் சாதனமே இல்லையென்றால் அதை உடனே சொல்ல வேண்டும். நானோ ஏற்பு (சாதனம் திருப்பித் தரும் ‘கிடைத்தது’ என்ற பிட், ACK) வராததைக் காட்டும் ஸ்டேட்டஸ் பிட்டைப் பார்க்காமல், டைம்அவுட் ஆகும்வரை ஒரு விநாடி காத்திருந்தேன். நூற்றுச் சொச்சம் முகவரிகளையும் துழாவி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது! முகவரிக்குப் பதில் இல்லை, இன்னொரு மாஸ்டரிடம் (பஸ்ஸை நடத்தும் சிப்) பஸ்ஸை இழந்தோம், நேரம் கடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிழை எண் உண்டு. கெர்னல் ஆவணத்தில் இருக்கிறது, அப்படியே பின்பற்றுங்கள்.

இன்னொரு நாள், டிரைவர் ஈஈப்ராமைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போர்டை ரீசெட் செய்தேன். அதன்பிறகு பஸ் அசையவே இல்லை. ரீபூட் செய்தும் பலனில்லை, மின்சாரத்தைத் துண்டித்தால்தான் சரியானது. கம்பிகளின் சிக்னலைப் பதிவு செய்து காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டிய பிறகுதான் புரிந்தது. ரீசெட் ஆனது பிராசசர் மட்டும். ஈஈப்ராமுக்கு மின்சாரம் நிற்கவே இல்லை. அது ஒரு பூஜ்ய பிட்டை வெளியிட்டபடி, டேட்டா கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த கிளாக்குக்காகக் காத்திருந்தது. கன்ட்ரோலரோ பஸ் வேறு யாரிடமோ இருக்கிறது என்று நினைத்துக் கிளாக்கே கொடுக்கவில்லை.

இதற்கு மருந்து 9 கிளாக் துடிப்புகள். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஒன்பதாவது ஏற்புக்கு. எந்த பிட்டில் நின்றிருந்தாலும் 9 துடிப்புக்குள் அந்த ஏற்பு இடம் வந்தே தீரும். அங்கே ஈஈப்ராம் கம்பியை விட்டுவிடும், ஏற்பு கிடைக்காததால் தரவு அனுப்புவதையும் நிறுத்திவிடும். கெர்னலில் இதற்கான மீட்பு நிரல் தயாராகவே இருக்கிறது, டேட்டா, கிளாக் பின்கள் இரண்டையும் ஜிபிஐஓவாக (நிரலே நேரடியாக ஏற்றி இறக்கக்கூடிய பின்) கொடுத்தால் போதும். முதல் வடிவத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒரே பரிமாற்றத்தில் இரண்டு மெசேஜ் வந்தால் நடுவில் ஸ்டாப் (பரிமாற்றம் முடிந்தது என்ற சிக்னல்) போடாதீர்கள், தொடக்கத்தைக் குறிக்கும் ஸ்டார்ட்டை மட்டும் மறுபடி கொடுங்கள். ஈஈப்ராம் பொறுத்துக்கொள்ளும், சில சென்சார்கள் தப்புத் தப்பாக எண் தரும்.

லாஜிக் அனலைசர் இல்லாமல் தொடங்க வேண்டாம். விலை குறைந்த 8 சேனல் கருவியே 400 கிலோஹெர்ட்ஸுக்கு தாராளம். பல்ஸ்வியூ என்ற திறமூல மென்பொருள் ஐ2சியைப் பிரித்துக் காட்டும். டிரைவரைக் கெர்னலில் சேர்க்கப் பேட்ச் அனுப்பும்போது டிவைஸ் ட்ரீ பைண்டிங்கை (வன்பொருளை எப்படி விவரிக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம்) டிரைவரோடு கலக்காமல் தனிப் பேட்ச்சாக அனுப்புங்கள்.