இளைப்பாறுதல் தருவேன் என்றவர் ஏன் நுகத்தைச் சுமக்கச் சொல்கிறார்?

பைபிளில் மத்தேயு 11:28-ல் இளைப்பாறுதல் தருவேன் என்கிற இயேசு, அடுத்த வசனத்திலேயே என் நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறாரே, முரண் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் ரொம்ப நாள் இருந்த சந்தேகம்தான்.

நுகம் என்றால் நமக்கு மாட்டின் கழுத்து நினைவுக்கு வரும், ஆனால் யூத வழக்கில் மோசேயின் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதையும் நுகம் என்பார்கள். அதே நூலின் 23-ஆம் அதிகாரத்தில், பெரிய சுமைகளை மற்றவர் தோளில் ஏற்றிவிட்டுத் தாங்கள் ஒரு விரலால்கூடத் தொடமாட்டார்கள் என்று பரிசேயரை, அதாவது சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினரை, இயேசு திட்டுகிறார். 12-ஆம் அதிகாரம் தொடங்குவதே வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளில் பசிக்குக் கதிர் கொய்த சீடர்கள் மேல் வந்த புகாரோடு! ஓய்வே சுமையாகிவிட்டிருந்தது.

சரி, அந்த இளைப்பாறுதலுக்கு அடிப்படையான மீட்பு என்றால் என்ன? அடகு நகையை மீட்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். மாற்கு 10:45-ல் 'மீட்கும்பொருள்' என்பதற்கான கிரேக்கச் சொல் 'லூட்ரான்', அதாவது அடிமையையோ கைதியையோ விடுவிக்கக் கட்டும் பணம். விலையை வேறொருவர் கட்டிவிட்டார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை; அதனால் நல்லவனாகிச் சம்பாதிக்க வேண்டுமே என்ற பதற்றம் போகிறது, வேலை, அதாவது அந்த நுகம், போவதில்லை. அடிமைக் கப்பல் மாலுமியாக இருந்து பின்னாளில் போதகரான ஆங்கிலேயர் ஜான் நியூட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1748-ல் புயலில் மனம் திரும்பத் தொடங்கியவர், அதற்கப்புறமும் 1754 வரை அடிமைக் கப்பல்களில்தான் போனார், அந்த வணிகத்தை எதிர்த்து எழுதியதோ 1788-ல்.