கைச்செட் தானாகவே டிரான்ஸ்மிட் பண்ணுகிறதா? முதலில் கேபிளைப் பாருங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தரகர் ஒருவரிடம் பழைய பாக்கெட் கன்ட்ரோலர் ஒன்றை, அதாவது கம்ப்யூட்டர் தகவலைச் சிறு பொட்டலங்களாக்கி (அதுதான் பாக்கெட்) டோன்களாக ரேடியோவில் அனுப்ப உதவும் ரி.என்.சி. பெட்டி ஒன்றை, கேபிள்களோடு வாங்கினாராம். கேபிளின் படமும் அனுப்பியிருக்கிறார். பாஃபெங் கைச்செட்டில், அதாவது வாக்கி-டாக்கியில், செருகிய உடனே சிவப்பு விளக்கு எரிந்து செட் டிரான்ஸ்மிட்டிலேயே நிற்கிறது. வாகனத்தில் பூட்டும் செட்டின் பின்பக்க 6 பின் சொக்கட்டில் செருகினால் எந்த அசைவும் இல்லை. தரகரின் மேசையில் மட்டும் அந்தச் செட்டோடு அருமையாக வேலை செய்ததாம். இப்போது அவர் “உள்ளே சர்க்யூட் போர்ட் போய்விட்டது, மாற்றித் தருகிறேன்” என்று காசு கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். போர்ட் போயிருந்தால் அவருடைய மேசையில் மட்டும் எப்படி வேலை செய்யும்? பழுது இரண்டு கேபிளிலும் இருக்கிறது, இரண்டிலும் காரணம் கிரவுண்ட் வயர்தான். கைச்செட் கேபிளில் அது இணையக்கூடாத இடத்தில் இணைந்திருக்கிறது, மற்றதில் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

கைச்செட்டை முதலில் பார்ப்போம். பாஃபெங், கென்வுட் வகைச் செட்டுகளில் 3.5 மில்லிமீட்டரில் ஒன்றும் 2.5 மில்லிமீட்டரில் ஒன்றுமாக இரண்டு பிளக் இருக்கும். இரண்டுக்கும் அடிப்பக்கத்தில் ஒரு உலோக வளையம். மற்ற எல்லா ஓடியோ கேபிளிலும் அந்த அடிப்பாகம் கிரவுண்ட் என்பதால், கேபிள் செய்கிறவர் பழக்கதோஷத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சோல்டர் வைத்துவிடுகிறார். இந்தச் செட்டில் அந்த இரண்டு வளையங்களும் சேர்ந்தால் நீங்கள் பேசும் பொத்தானை அழுத்தியதாக அர்த்தம். செட் சொன்னதைத்தான் செய்கிறது, பாவம்.

கேபிளைச் செட்டிலிருந்தும் கன்ட்ரோலரிலிருந்தும் கழற்றி, மல்டிமீட்டரை பீப் அடிக்கும் இடத்தில் வைத்து இரண்டு வளையங்களையும் தொடுங்கள். பீப் அடித்தால் முடிவு தெரிந்துவிட்டது, பிரித்து மறுபடி சோல்டர் செய்ய வேண்டும். எந்த வளையம் கிரவுண்ட் என்று தெரியவில்லையா? பற்றரியைக் கழற்றிவிட்டு, வெறும் பிளக்குகளைச் செட்டில் செருகி, அன்டெனா பூட்டும் இடத்தின் வெளி உலோகத்தோடு ஒவ்வொன்றையும் சோதியுங்கள். பீப் அடிப்பது கிரவுண்ட். மற்றது கன்ட்ரோலரின் பி.ரி.ரி. வயருக்கு, அதாவது பேசும் பொத்தானின் வேலையைச் செய்யும் வயருக்கு, போகவேண்டும். கடற்கரை வீடு என்பதால் இன்னொன்று, உப்புக்காற்றில் பச்சை பூத்த பிளக்கைச் சுரண்டாமல் மீட்டர் வைத்தால் அது பொய் சொல்லும்.

இனி வாகனச் செட். உங்கள் படத்தில் இருக்கும் அந்த வட்டப் பிளக் பழைய கம்ப்யூட்டர் மவுஸிலிருந்து வெட்டியது, சந்தேகமே இல்லை. வடிவம் அச்சாகப் பொருந்தும், அதுதான் பொறி. டேட்டா சொக்கட்டில் 1 செட்டுக்குள் போகும் ஓடியோ, 2 கிரவுண்ட், 3 பி.ரி.ரி., 5ஆம் பின் விநாடிக்கு 1200 பிட் வேகத்துக்கான வெளிவரும் ஓடியோ. மவுஸுக்குத் தேவையானது 1, 3, 4, 5 மட்டும்தான், ஆகவே அந்த வயரில் 2க்கும் 6க்கும் பெரும்பாலும் கம்பியே கிடையாது. உங்களுக்கு வேண்டிய மூன்றும் வந்துவிடுகின்றன, கிரவுண்ட் மட்டும் இல்லை.

அப்படியென்றால் தரகரின் மேசையில் எப்படி வேலை செய்தது? இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இந்த ஒன்றில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அவர் செட்டையும் கன்ட்ரோலரையும் ஒரே 12 வோல்ட் பவர் சப்ளையில் பூட்டியிருப்பார். இரண்டின் கிரவுண்டும் அந்தச் சப்ளையின் மைனஸில் சந்திக்கின்றன. கேபிளில் இல்லாத பாதை பவர் வயர் வழியாகச் சுற்றிக் கிடைத்துவிடும், கொஞ்சம் இரைச்சலோடு வேலை நடக்கும். நீங்கள் வீட்டில் கன்ட்ரோலருக்குத் தனி அடாப்டர் போட்டீர்கள், அந்தப் பாதையும் போய்விட்டது. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் “கண் முன்னால் ஓட்டிக் காட்டினேனே” என்பவர்களின் வித்தை பெரும்பாலும் இந்த ஒரே சப்ளைதான். அதற்காக நீங்களும் வீட்டில் ஒரே சப்ளையில் போட்டுச் சமாளிக்காதீர்கள். சிக்னல் பவர் வயர் வழியே ஓடினால் வாகனத்தில் ஓல்டர்னேட்டர் சத்தம் முழுக்க பாக்கெட்டுக்குள் வந்து விழும். ஆறு பின்களுக்கும் கம்பி உள்ள கேபிள் வாங்குங்கள், காசு கொடுக்குமுன் 2ஆம் பின்னில் மீட்டர் வையுங்கள். பின் எண்களைச் சொக்கட்டின் முகப்பில் எண்ணுவதும் பிளக்கின் சோல்டர் பக்கம் எண்ணுவதும் கண்ணாடிப் பிம்பம் போல இடம்வலம் மாறும், பின் வரைபடத்தில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும், வாசியுங்கள்.

வயர் சரியான பிறகு செட் மெனுவில் பாக்கெட் வேகத்தை 1200இல் வைத்து, கன்ட்ரோலரின் ஓடியோ ஸ்குரூவைக் குறைந்த பக்கத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். 1200, 2200 ஹேர்ட்ஸ் என இரண்டு டோன்தான் போகிறது, அதைக் கத்த வைத்தால் எதிர்ப்பக்கம் ஒன்றும் பிடிபடாது. 9600 வேகத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இந்தத் தரகர்கள் ஏன் கொழிக்கிறார்கள் என்றால், ஒரு சின்னப் பிளக்குக்கும் ஒரு சின்னக் காகிதத்துக்கும் திருகோணமலையில் இருப்பவன் இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போகவேண்டும். நாட்டைச் சுற்றிக் கடல், சுனாமியும் பார்த்தாயிற்று, ஆபத்தில் கைகொடுக்கும் ரேடியோவுக்கு இன்னும் இதே கதை. அந்த அலுப்பில்தான் ஆட்கள் “லைசென்ஸ் பிறகு பார்க்கலாம்” என்ற பேச்சில் விழுகிறார்கள். விழாதீர்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது, மாட்டினால் நிற்பது நீங்கள், தரகர் அல்ல. உங்களிடம் 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அமெச்சூர் ரேடியோ அழைப்புக்குறி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது, செட்டுக்கும் ரசீதும் காகிதமும் கேட்டு வாங்குங்கள்.

சோதிக்கும்போது அன்டெனா வேண்டாம், அதன் இடத்தில் சிக்னலை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் டம்மி லோட் போடுங்கள், பவரைக் குறைந்ததில் வையுங்கள், செட்டின் டைம்-அவுட்டை 60 விநாடிக்கு இறக்குங்கள். மறுபடி சிவப்பு விளக்கு நின்றாலும் செட் சூடேறுமுன் அதுவே வெட்டிக்கொள்ளும். வளையங்கள் பீப் அடிக்காமலே டிரான்ஸ்மிட் நின்றால் மட்டும் திரும்ப எழுதுங்கள், அப்போது கன்ட்ரோலரைத் திறந்து பார்க்கலாம்.