ஆரம்ப வாஞ்சை குறைந்த பிறகு ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் எப்படி நிலைத்திருப்பது?

"இரட்சிக்கப்பட்ட புதிதில் இருந்த வாஞ்சை இப்போது இல்லை. ஜெபமும் வேத வாசிப்பும் இரண்டு நாள் நடந்தால் பத்து நாள் நின்றுபோகிறது. நான் பின்வாங்கிப் போய்விட்டேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. பலமுறை விட்டுவிட்டுத் திரும்பி வந்த ஆள். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

ஒரு ஜனவரி 1 அன்று, வருஷத்துக்குள் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிப்பதென்று அட்டவணை போட்டேன். மொத்தம் 1189 அதிகாரங்கள்; நாளைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஆதியாகமம் கதையாக ஓடிவிட்டது. யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு வந்ததும் மூச்சு வாங்கியது. பிப்ரவரி முதல் வாரத்தில் லேவியராகமம் 13. குஷ்டரோகத்தை ஆசாரியன் சோதித்துப் பார்க்கும் அதிகாரம், 59 வசனங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடினேன்.

அந்த 'நாளை' வர 11 நாள் ஆயிற்று. 33 அதிகாரத்துக்கு மேல் பாக்கி. ஒரு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து மொத்தத்தையும் தீர்த்துவிடப் பார்த்தேன். கண் வரிகள்மேல் ஓடியது, கை டிக் அடித்தது, மண்டைக்குள் ஒன்றும் இறங்கவில்லை. எந்த இடத்தில் தூங்கிப்போனேன் என்றுகூடத் தெரியாது. பக்கத்தைக் குறிக்கும் நாடா மட்டும் 13-ஆம் அதிகாரத்திலேயே கிடந்தது, டிசம்பர் வரைக்கும்.

11 நாள் விட்டது பெரிய சேதம் இல்லை. அதற்குப் பின் வந்த பத்து மாதம்தான் சேதம். அந்த மாதங்களில் என்னைத் தடுத்தது சோம்பல் இல்லை, வெட்கம். 'இத்தனை நாள் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு போய் முழங்கால் போடுவது?' கடன் வாங்கியவன் தெருவை மாற்றிப் போவானே, அப்படி ஆண்டவரைச் சுற்றிக்கொண்டு போனேன். அதனால் நான் முதலில் சொல்வது இது: விட்டுப்போன நாட்களுக்கு வட்டியோடு கட்ட முயலாதீர்கள். பாக்கி அதிகாரங்களை அப்படியே விட்டுவிட்டு, இன்றைக்கு உரியதை மட்டும் வாசியுங்கள்.

வாஞ்சை வற்றுவதும் உங்களுக்கு மட்டும் வந்த விசித்திர நோய் இல்லை. நாலாம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி இதைத் துல்லியமாக எழுதி வைத்திருக்கிறார். நண்பகலில் ஒரு சலிப்பு வருமாம். சூரியன் நகராத மாதிரி இருக்கும், ஒரு பகல் 50 மணி நேரமாக நீளும், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று துறவி அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பார். நமக்கு அந்த ஜன்னல் கைபேசி, அவ்வளவுதான். எல்லாவற்றையும் துறந்து வனாந்தரத்துக்குப் போனவர்களுக்கே இந்தப் பாடு என்று படித்த அன்று எனக்குப் பாதி பாரம் இறங்கிற்று.

பவுலும் இதை உணர்ச்சியாகப் பேசவில்லை, பயிற்சியாகத்தான் பேசுகிறார். கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். ஓட்டமும் குத்துச்சண்டையும் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. அவர்களுக்குத்தான் "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்" என்று எழுதுகிறார். (குத்துச்சண்டையைச் சிலம்பமாக்கிய மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வணக்கம்.) பயிற்சிக்குப் போகிறவன் இன்றைக்கு உற்சாகமாக இருக்கிறதா என்று தன்னைக் கேட்டுக்கொண்டா கிளம்புகிறான்?

ஆனால் சில வறட்சிக்குக் காரணம் வெறும் களைப்பு. சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடி தூங்கவிட்டான். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ராத்திரி ஒரு மணிக்குப் படுத்துவிட்டு ஐந்து மணி ஜெபத்தில் கண் சொக்குகிறது என்று அழுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். நானும் அழுதிருக்கிறேன்.

இப்போது நான் செய்வது சின்ன விஷயம்தான். காலையில் அதே நாற்காலி, ஒரே ஒரு அதிகாரம், கைபேசி பக்கத்து அறையில். ஜெபிக்க வார்த்தை வராத நாளில் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிப்பது. மனநிலைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். சபையில் ஒருவரிடம், "இந்த வாரம் வாசித்தீர்களா என்று என்னைக் கேளுங்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்கிறார். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவேன். அதற்கே முதலில் மூன்று மாதம் பிடித்தது.

பின்வாங்கிவிட்டேனா என்ற கேள்விக்கு: பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவரிடம் சொன்னதை லூக்கா 22-இல் பாருங்கள். "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து." குணப்படுவது என்றால் இங்கே மனந்திரும்பி வருவது. 'குணப்பட்டால்' என்று அவர் சொல்லவில்லை. விழுமுன்னே திரும்பி வருவதையும் சேர்த்தே பேசிவிட்டார். திரும்ப வரவேண்டும் என்று தவித்து இப்படி ஒரு கேள்வி கேட்கிறவரை, பின்வாங்கியவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

லேவியராகமத்தை முடித்தேனா என்றால், முடித்தேன். ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் முழு வேதாகமத்துக்கும் மூன்றேகால் வருஷம் ஆகும். எனக்கு ஐந்து ஆயிற்று. 13-ஆம் அதிகாரம் இப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.