கேளுங்கள், சொல்கிறோம்: இடிபட்ட ஷட்டரை நிமிர்த்துவதா, மாற்றுவதா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கார் நிறுத்த 10 அடி அகலம், 8 அடி உயரத்தில் ரோலிங் ஷட்டர் போட்டிருக்கிறோம். பின்னால் வந்த ‘குட்டி யானை’ மினி லாரி ஒன்று இடித்துவிட்டது. முழங்கால் உயரத்தில் நாலு பட்டைகள் வளைந்துபோயின. பட்டைகளின் முனை ஏறி இறங்கும் இடப்பக்க கைடும் கோணலாகிவிட்டது. பாதிக்கு மேல் ஏற மறுக்கிறது. மெக்கானிக் முழுசாக மாற்றச் சொல்கிறார். வீட்டுக்காரரோ சுத்தியலால் தட்டிச் சரிசெய்யலாம் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள். முதலில் ஷட்டரை யாரும் இழுக்கக் கூடாது. பாதியில் நிற்கிறது என்றால், இரண்டு ஓரத்திலும் பாட்டம் பட்டைக்குக் கீழே கட்டை முட்டுக்கொடுங்கள். அதன் பிறகுதான் ஆள் குனிந்து உள்ளே போகலாம். இந்த அளவு ஷட்டரில், 18 கேஜ் தடிமன் இரும்பு என்றால், பட்டைகள் கோத்த திரை மட்டுமே 100 கிலோவைத் தொடும்.

அடுத்து கைடு. மேலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் கைடுக்கும் உள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பட்டை உரசும். இரண்டு கைடுகளுக்கு இடையிலான அகலத்தையும் அதே மூன்று இடத்தில் டேப் பிடித்துப் பாருங்கள். கோணலான கைடைச் சுத்தியலால் தட்டினால் அதன் வாய் அலை அலையாக நெளியும். அப்புறம் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பட்டையின் முனை அங்கே சிக்கி, நல்ல பட்டைகளும் கெட்டுப்போகும். ஒரு பக்க கைடு என்பது வெறும் 8 அடி சேனல்தான், புதிதாகவே போட்டுவிடுங்கள். உங்கள் பகுதியில் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் நிறைய. அதில் ஃபாஸ்டனர் (சுவரில் துளையிட்டு இறுக்கும் போல்ட்) பிடிக்காது. சுவரைக் குடைந்து மறுபக்கம் பிளேட் வைத்து, நீள போல்ட் போட்டு முறுக்கச் சொல்லுங்கள்.

இனி பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் சுருண்டு அடுத்ததைக் கொக்கி போல் பிடித்திருக்கும். அந்தச் சுருள் விரியாமல் உடம்பு மட்டும் ஒடுங்கியிருந்தால் நிமிர்த்தலாம், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் ஓடும். சுருள் வாய் திறந்துவிட்டால் அந்தப் பட்டைக்கு ஆயுள் முடிந்தது. என்னதான் தட்டி மூடினாலும் காரை எடுக்கும் அவசரத்தில் ஒரு நாள் கழன்றுகொள்ளும்.

புதுப் பட்டை பழையதோடு கொக்கிபோட வேண்டும் என்றால் இரண்டும் ஒரே அச்சில் வந்திருக்க வேண்டும். பத்துப் பட்டைகளின் உயரத்தை மொத்தமாக அளந்து பத்தால் வகுங்கள். மொத்தம் 750 மி.மீ. வந்தால் அது 75 அளவு, 800 வந்தால் 80 அளவு. ஒவ்வொன்றாக அளந்தால் இந்த 5 மி.மீ. கண்ணுக்குத் தப்பிவிடும். அளவு ஒத்தாலும் சுருளின் உருவம் மாறுபடலாம். அதனால் வளைந்த பட்டையில் அரை அடி வெட்டி, கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். அந்த அச்சே இப்போது கிடைக்காது என்றால் மெக்கானிக் சொல்வது சரி, திரையை மாற்றத்தான் வேண்டும்.

ஷட்டரை ஏற்றும்போது மேலே திரை சுருளும் உருளை (பைப்) தள்ளாடுகிறதா என்றும் பாருங்கள். தள்ளாடினால் பைப் வளைந்திருக்கலாம் அல்லது அதைத் தாங்கும் பிராக்கெட் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் ஷட்டரில் சுமார் 33 பட்டைகள் இருக்கும். கெட்டது நாலு. பைப் நேராக இருந்து, பட்டையும் கிடைத்தால், ஒரு கைடும் நாலு பட்டையும் மாற்றினால் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெட்டிருந்தால்தான் புதுத் திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் பைப், ஸ்பிரிங், பிராக்கெட்டை வைத்துக்கொண்டு திரையை மட்டும் மாற்றலாம். இந்த நடுவழியை நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். புதுத் திரை பழைய கேஜிலேயே இருக்கட்டும். 20 கேஜ் (0.9 மி.மீ.) இருந்த இடத்தில் 18 கேஜ் (1.2 மி.மீ.) தொங்கவிட்டால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும், பழைய ஸ்பிரிங் தாங்காது.

மெக்கானிக்கைக் குறை சொல்லவும் முடியாது. பட்டையைப் பக்கவாட்டில்தான் உருவ முடியும், 10 அடிப் பட்டைக்குப் பக்கத்தில் 10 அடி இடம் வேண்டும். பக்கத்து வீட்டு மாடிப்படி அங்கே இடித்தால் திரை முழுவதையும் இறக்கித் தெருவில் விரித்தாக வேண்டும். நாலு பட்டைக்கு அவ்வளவு கூலியா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று பயந்தே சிலர் ‘புதுசு போடுங்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். பட்டை முனைகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் அடிக்கும் கிளிப்பை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பட்டைகள் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, ஆறு மாதத்தில் மறுபடி சிக்கும்.

கேள்வி: மீன் வலை, ஐஸ் பெட்டி வைக்கும் கிடங்கின் ஷட்டர் கீழே ஓட்டை ஓட்டையாக அரித்துவிட்டது. மேல்பாதி நன்றாகவே இருக்கிறது. வெளியே தகடு வைத்து வெல்டிங் அடித்தால் போதுமா?
— வாசகர், காசிமேடு

பதில்: வேண்டாம். ஷட்டர் சுருள வேண்டிய பொருள். நாலு பட்டையைச் சேர்த்து ஒரே தகடாக்கினால் அது பைப்பில் ஏறாது. வெல்டிங் சூட்டில் சுற்றியிருக்கும் துத்தநாகப் பூச்சும் எரிந்து, துரு அங்கிருந்தே புதிதாகக் கிளம்பும்.

உப்புக்காற்று ஊரில் பட்டை உடம்பிலிருந்து அழுகுவதில்லை, சுருளுக்குள்ளிருந்து அழுகும். ஈரமும் உப்பும் அங்கே தங்கி, காயவே காயாது. வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு சுருளையும் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினாலோ, சிப்பிபோல் பொருக்கு உதிர்ந்தாலோ அந்தப் பட்டை போய்விட்டது. சாக்பீஸால் குறியிட்டு எண்ணுங்கள். கீழ் 2 அடி மட்டும்தான் என்றால் 75 அளவில் எட்டுப் பட்டையும் பாட்டம் பட்டையும் மாற்றினால் போதும். குறி இடுப்புக்கு மேல் ஏறினால் முழுத் திரையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வருடா வருடம் எட்டு எட்டாக மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

மாற்றும் நாளில் கைடின் அடியையும் பாருங்கள். தரை பூசும்போது சிமென்ட் அடைத்து, கைடுக்குள் நீர் குட்டைபோல் தேங்கி நிற்கும். அடைப்பை உடைத்து, கைடின் அடியைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி வெட்டிவிடுங்கள். வெட்டிய முனையில் ஜிங்க் பெயின்ட் பூச வேண்டும்.

புதிது வாங்கும்போது ‘ஜி.ஐ.’ (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று மட்டும் சொன்னால் மெல்லிய பூச்சுதான் வரும். சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகப் பூச்சு என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். அலுமினியத்தில் செந்துரு வராது. ஆனால் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும், கடப்பாரைக்கும் சீக்கிரம் மசியும். கிடங்குக்கு அதை நாங்கள் சொல்ல மாட்டோம். காயலான் கடையில் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் பழைய ஷட்டர் பக்கமும் போகாதீர்கள்.

வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரை இரண்டு பக்கமும் பீய்ச்சி உப்பைக் கழுவி, நாலு தடவை ஏற்றி இறக்கிக் காயவிடுங்கள். அலை அடித்துத் தெறிக்கும் தெருவில் எந்தப் பூச்சையும்விட இதற்குத்தான் பலன் அதிகம்.

கேள்வி: ஷட்டர் திடீரென்று கனமாகிவிட்டது. கைடில் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றியும் பலன் இல்லை.
— வாசகர், வியாசர்பாடி

பதில்: ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது மண்ணையும் தூசியையும் இழுத்துப் பசையாக்கும். துணியால் துடைத்துவிட்டு, கைடின் உட்புறம் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

ஷட்டரை இடுப்பளவு தூக்கி, பிடியைத் தளர்த்திப் பாருங்கள், கையை மட்டும் எடுக்காதீர்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே இழுத்தால் தளர்ந்திருக்கிறது. ‘டங்’ என்று சத்தம் கேட்ட பிறகு கனத்தது என்றால் ஒன்று அறுந்தே போயிருக்கும். தளர்ந்ததை பைப்பைச் சுற்றி முறுக்கேற்றிச் சரிசெய்யலாம். அறுந்தால் அந்த பைப்பில் உள்ள எல்லா ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், மற்றவையும் அதே வயதுதான். இதற்காகத் திரையை மாற்றச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். ஷட்டர் இறங்கியிருக்கும்போதுதான் ஸ்பிரிங்கில் முறுக்கு உச்சத்தில் இருக்கும். அந்த நிலையில் பைப் கிளாம்பில் ஸ்பேனர் வைத்தால் பைப் சுழன்று கையை ஒடித்துவிடும். வீட்டில் முயல வேண்டாம்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த நீர் ஏறியதிலிருந்து ஷட்டர் இறுக்கமாகவே ஓடுகிறது. மோட்டார் போட்டால் சரியாகுமா?
— வாசகர், எண்ணூர்

பதில்: கையால் ஓடாத ஷட்டரில் மோட்டார் மாட்டினால் மோட்டார்தான் எரியும். கைடுக்குள் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, சோப்பு நீரால் கழுவுங்கள். பிறகு இடுப்பளவு தூக்கி, முந்தைய பதிலில் சொன்னபடி சோதியுங்கள். அதில் தேறினால் மோட்டாரைப் பற்றிப் பேசலாம். பைப்பின் நடுவில் மாட்டும் மோட்டார் ஸ்பிரிங்கின் உதவியோடுதான் தூக்கும். பக்கவாட்டு மோட்டாருக்கு ஸ்பிரிங் தேவையில்லை, அதில் உங்கள் ஷட்டரின் எடையைத் தூக்கும் வகையாகப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோது இழுக்கச் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுவிட்சையும் பிளக்கையும் போன வெள்ளம் விட்டுப்போன கறைக்கு மேலே வைத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக இணைக்கச் சொல்லுங்கள்.